அறப்பாக்கத்து அத்தை

மாலை நாலரை மணிக்குக் காசி ஒரு சீட்டை எழுதி, அதைத் தர்மவதியிடம் கொடுக்காமல் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அவ்வளவுதான் நடந்தது. பந்தலில் இருந்த வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. தர்மவதி கவனித்தாள். போன வருஷமும் இதே கார்த்திகை தீபத்தன்று இதே காசி ஒரு சீட்டைப் பைக்குள் வைத்தான். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஒரு சிறுமி போய்விட்டாள்.

தேரடியில், கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வருஷா வருஷம் அந்தப் பந்தலைப் போடுவார்கள். 'தீபத் தொண்டர் சபை. காணாமல் போனவர்கள் இங்கே வரவும்' என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கும். திருவண்ணாமலைக் கூட்டத்தில் தொலைந்தவர்களைத் தொண்டர்கள் அழைத்து வருவார்கள். குமாஸ்தா காசி பெயர், அப்பா பெயர், ஊர், உடுத்தியிருக்கும் துணி எல்லாம் விசாரித்து ஒரு சீட்டில் எழுதுவான். சீட்டு மைக்குக்கு வரும். தர்மவதி அதைத் தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை வாசிப்பாள். நாலு வீதியிலும் மாட்டுச் சந்தையிலும் கட்டியிருக்கும் குழாய்கள் அலறும். உறவுக்காரர்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டுக் கூட்டிப் போவார்கள்.

சீட்டு மைக்குக்கு வராவிட்டால் யாரும் ஓடி வரமாட்டார்கள். ஓர் அத்தை மட்டும் சாவகாசமாக நடந்து வருவாள்.

தர்மவதியைக் கூட்டிப் போனதும் ஓர் அத்தைதான். 1974. அவளுக்குப் பதிமூன்று வயது. அண்ணன் ஜம்புகுமாரின் கையைத் தேரடிக் கூட்டத்தில் தவறவிட்டாள். இதே பந்தலில், இதே பெஞ்சில் உட்கார்ந்தாள். வந்த அத்தை அவள் பெயரைச் சொன்னாள், அப்பா பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் காலை தர்மவதி பம்பாய் ரயிலில் இருந்தாள். அங்கே ஒரு வீட்டில் அவளை விற்றார்கள். எட்டு வருஷம். கூட இருந்த பெண்களில் பாதிப்பேர் ஆந்திராக்காரர்கள். தெலுங்கும் இந்தியும் அவளுக்கு அந்த வீட்டில் வந்தவைதான். போலீஸ் சோதனை ஒன்றில் வெளியே வந்து, விடுதியில் ஆறு மாதம் இருந்து, ஊருக்குத் திரும்பியபோது அவளுக்கு இருபத்தொன்று.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. 'தெலுங்கும் இந்தியும் தெரிந்த ஆள் பந்தலுக்கு வேண்டும்' என்று சபை தேடியபோது அவளே போய் நின்றாள்.

"பேரு?"

"கன்னியம்மாள்."

"இந்தி எங்க கத்துக்கினே?" என்றான் காசி.

"பம்பாய்ல. வேலை செஞ்சிக்கினு இருந்தேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. போன வருஷம் வந்தவன் தெலுங்கு பேசினதக் கேட்டு ஆந்திராக்காரனே ஓடிட்டான்."

அவளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எத்தனையோ பேரில் ஒருத்தி. ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த முகத்தை யார் பத்து வருஷம் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

சபையில் தொண்டர்கள் இருநூறு பேர். நீர்மோர் ஊற்றுகிற, கிழவிகளைக் கைத்தாங்கலாக நடத்திச் செல்கிற நல்ல மனிதர்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேருக்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, கூட்டம் கிடையாது. அவர்களில் காசியைத் தவிர தர்மவதிக்குத் தெரிந்தவர் சபைத் தலைவர் பரசுராமன் ஒருவர்தான். அரிசி ஆலை, லாட்ஜ், இரண்டு லாரி, திருவிழாக் கமிட்டியில் முதல் நாற்காலி. ஊருக்கு எந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வந்தாலும் முதல் நாள் சாப்பாடு பரசுராமன் வீட்டில்தான்.

போன வருஷம் அந்தச் சிறுமி போன பிறகு தர்மவதி வேலூர் மாவட்டப் போலீஸ் அலுவலகத்துக்கு மொட்டை மனு ஒன்று எழுதினாள். மனு வேலூர் போய், 'விசாரிக்கவும்' என்ற முத்திரையோடு திருவண்ணாமலை ஸ்டேஷனுக்கே திரும்பி, அங்கிருந்து பரசுராமனின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே பந்தல்காரர்கள் ஒவ்வொருவரையும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கத்தான். தர்மவதி, எழுதத் தெரியாதவள் போலக் கைநாட்டு வைத்துத் தப்பினாள். மைக்கில் வாசிக்கிறவளுக்கு எழுதத் தெரியாதா என்று அவருக்கோ காசிக்கோ தோன்றாமல் போனது அவள் அதிர்ஷ்டம்.

அன்றோடு ஒன்று தெரிந்துவிட்டது. காகிதத்தில் எழுதினால் அவர்கள் கைக்குத்தான் போகும்.

இப்போது அந்தப் பெஞ்சில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். மஞ்சள் பாவாடை, சிவப்புத் தாவணித் துண்டு. பெயர் ஜெயந்திமாலா. அப்பா சாந்திகுமார். ஊர் அறப்பாக்கம். மாடு விற்க வந்த பக்கத்து வீட்டுக் கருப்பன், அவர் மனைவி பொன்னி, இவர்களோடு வண்டியில் வந்தவள். காசி கேட்டுக்கொண்டிருந்தபோது தர்மவதி எல்லாவற்றையும் காதில் வாங்கியிருந்தாள்.

"காசியண்ணே, அந்தப் பொண்ணு சீட்டு இன்னும் வரலியே" என்றாள், சாதாரணமாக.

"அதுக்கு மைக் வேணாம். அவங்க அத்தைக்குச் சொல்லி அனுப்பியாச்சு. வந்துகினே இருக்காங்க."

எந்த அத்தை? சிறுமி அத்தை என்று ஒருவரையும் சொல்லவில்லை. காசி சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வெளியே போனான்.

தர்மவதி என்ன செய்ய முடியும்? மைக்கில் கத்தலாம். ஒரு வாக்கியம் முடிவதற்குள் நிறுத்திவிடுவார்கள். சமையல்காரிக்குப் பைத்தியம் என்பார்கள். பந்தல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஏட்டு தசரதனிடம் சொல்லலாம். செங்கத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர், உள்ளூர்க்காரர் இல்லை, ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி. நல்லவரா கெட்டவரா என்று தெரியாது. பதிவேட்டைப் பார்ப்பார். அத்தை பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் பொருந்தியிருக்கும். வேறென்ன வேண்டும் என்பார். அத்தைக்கு எல்லாம் தெரியும். சீட்டில் எழுதியிருப்பதெல்லாம் தெரியும்.

மணி ஐந்தே கால். தேரடியே தெரியாத அளவுக்கு ஜனம். எல்லா முகமும் மலையைப் பார்த்து நின்றது. ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏற்றுவார்கள். காலையிலிருந்து பட்டினி கிடக்கும் ஊர், தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயில் எதையாவது போடும். பொரி உருண்டைக் கடைகளில்கூட யாரும் கை நீட்டவில்லை.

"யக்கா" என்றாள் சிறுமி. "மணி இன்னாக்கா?"

"அஞ்சேகால் ஆவுது. ஏன்?"

"எதனா சாப்பிடக் குடேன். பொழுதெறங்கிட்டா நாங்க சாப்பிடக்கூடாது. டிபன் பாக்ஸு பொன்னிக்கா கையில இருக்குது."

தர்மவதி அவளை நிமிர்ந்து பார்த்தாள். நைனார் வீட்டுப் பெண். சமணக் குடும்பம். ஊரெல்லாம் இருட்டியபின் சாப்பிடக் காத்திருக்கும்போது, இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுவிடத் துடிக்கிற ஒரே ஒரு பிள்ளை. தர்மவதியின் வீட்டிலும் அப்படித்தான். சூரியன் சாய்ந்த பிறகு அடுப்பில் பால்கூடக் காயாது. பத்து வருஷத்துக்கு முன் அந்த அத்தை லாட்ஜில் வைத்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது வெளியே நன்றாக இருட்டியிருந்தது. இவள் நம்மவள் இல்லை என்று அந்த நிமிஷமே தர்மவதிக்குத் தெரிந்தது. பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இட்லியைச் சாப்பிட்டாள்.

இந்த விஷயம் சீட்டில் இருக்காது. காசியின் சீட்டில் பெயர், அப்பா, ஊர், துணி, நாலே கட்டம்தான். 'எப்போது சாப்பிடுவாய்' என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

"இரு கண்ணு, பழம் தரேன்" என்று அவள் எழுந்தபோது காசி திரும்பி வந்தான். பின்னால் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது, காஞ்சிப்பட்டு, நெற்றி நிறையக் குங்குமம், வெற்றிலைச் சிவப்பேறிய வாய். கொஞ்சம் பருத்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"என் தங்கமே, ஒன்ன எங்கெல்லாம் தேடறது? நாந்தான்டி ஒங்க ரேணுகா அத்தை. நைனாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. குழந்தையில தூக்கினது, ஒனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது? பொன்னிதான் அனுப்பிச்சா. வா, வா."

ரேணுகாம்பாள். எழுபத்திநாலில் தர்மவதியைக் கூட்டிப் போன அதே அத்தை. ரேணுகாம்பாள் அவளை ஒருமுறை பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், பதிவேட்டில் கட்டை விரலை அழுத்தினாள். சிறுமி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் தர்மவதி. "இந்தப் பொண்ணத் தேடிக்கினு வேற யாராச்சும் கூட்டத்துல அலைவாங்க. அத்தை வந்துட்டாங்கன்னு நீங்களே மைக்ல ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. அவங்களும் நிம்மதியாப் போவாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றான் காசி சட்டென்று.

வாசலில் இருந்த ஏட்டு திரும்பினார். "ஏன்யா வேணாம்? நல்லதுதானே சொல்லுது அந்தப் பொண்ணு. காலையிலேர்ந்து இந்த ஒரு குரலையே கேட்டுக் கேட்டு என் காது அடைச்சுப் போச்சு. நீ வந்து சொல்லும்மா."

மறுத்தால் அசிங்கமாகிவிடும் என்று ரேணுகாம்பாளுக்குத் தெரிந்தது. தவிர, அவள் எதற்குப் பயப்பட வேண்டும்? எல்லாம் மனப்பாடம். மைக் முன்னால் வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தர்மவதி பொத்தானைத் தட்டினாள்.

"பொண்ணு பேரு சொல்லுங்கம்மா."

"ஜெயந்திமாலா. எங்கண்ணன் சாந்திகுமார் பொண்ணு. அறப்பாக்கம். நானும் அறப்பாக்கந்தான், பொறந்த ஊரு." குரல் நாலு வீதியிலும் போய் முட்டித் திரும்பியது. தன் குரல் ஊர் முழுக்கக் கேட்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது தெரிந்தது.

"பொண்ணு பசிக்குதுன்னு சொல்லுது. பழம் குடுக்கட்டுங்களா?"

"தீபத்தன்னிக்குப் பழமா? நல்லாக் கேட்டே போ. எங்க வூட்ல கைக்கொழந்தைக்குக்கூட வெரதம்மா. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. மலையில ஜோதி தெரியணும், அதுக்கப்பறம் நல்லா இருட்டினதும் எல போட்டு ஒக்காருவோம். எங்கண்ணன் சாந்திகுமார் இதுல ரொம்பக் கறாரு."

"அறப்பாக்கத்துல எல்லா வீட்லயும் அப்படித்தானாம்மா?"

"எல்லாந்தான். ஊரே அப்படித்தான்."

மலையைப் பார்த்து நின்ற கூட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில தலைகள் மட்டும் பந்தல் பக்கம் திரும்பின. மற்றவர்களுக்கு அது பக்தியுள்ள ஒரு பெண்ணின் பேச்சு. நைனார்களுக்கு மட்டும் அது வேறு.

காசிக்கு எங்கே தப்பு என்று புரியவில்லை, ஆனால் தப்பு என்று புரிந்தது. "போதும், போதும், கெளம்புங்க" என்றான். ரேணுகாம்பாள் சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்தாள். பந்தலின் பின்பக்கம் வழி இருந்தது. தர்மவதி நாற்காலியை அந்த வழியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு கன்னியம்மா."

"கால் வலிக்குதுண்ணே."

அதற்குள் கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு ஒருவர் வந்துவிட்டார். தேரடியில் தானியக் கடை வைத்திருக்கும் ஆதிராஜ் நைனார். அறுபது வயது. மூச்சு வாங்கியது.

"அறப்பாக்கம் சாந்திகுமாருக்குத் தங்கச்சி யாரும்மா? நான் அந்த ஊர்ல பொண்ணு எடுத்தவன். எனக்குத் தெரியாம ஒரு தங்கச்சியா? பொழுதெறங்கிட்டா அந்த ஆளு மாத்திரைக்குக்கூடத் தண்ணி குடிக்கமாட்டான். இருட்டினப்பறம் எல போடுவானா? நாங்க சமணருங்கம்மா. எங்க ஊர்ப் பக்கம் வந்திருக்கியா நீ?"

பிறகு பதிலுக்குக் காத்திருக்காமல் மேஜை மேலிருந்த பழத்தை உரித்துச் சிறுமியிடம் நீட்டினார். "நீ மொதல்ல சாப்புடு. வெளிச்சம் போறதுக்குள்ள."

சிறுமி இரண்டே கடியில் விழுங்கினாள்.

அடுத்து வந்தது பொன்னி. மாட்டுச் சந்தையிலிருந்து ஓடி வந்தவள். தலைமுடி அவிழ்ந்து தொங்கியது, கையில் டிபன் பாக்ஸ். "கழுதை, கையப் புடின்னு சொன்னேனா இல்லியா" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் ரேணுகாம்பாளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் அனுப்பினேனாமே? யாருடி நீ?"

ஏட்டு தசரதன் நாற்காலியை விட்டு எழுந்தார். "அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்."

இந்த நேரத்தில் பரசுராமன் வந்தார். குழாயில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவசரமே இல்லாத நடை. வெள்ளை வேட்டி, சரிகை அங்கவஸ்திரம். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நேராக மைக்குக்குப் போனார்.

"பக்தகோடிகளே. நம்ம சபைப் பந்தல்ல ஒரு மோசக்காரி பிடிபட்டிருக்கா. நம்ம தொண்டருங்க கண்கொத்திப் பாம்பு மாதிரிக் காவல் இருந்ததாலதான் ஒரு கொழந்தை தப்பிச்சது. இந்தப் பொம்பளைய நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. ஏட்டு, ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க." பிறகு தர்மவதியின் பக்கம் திரும்பி, "நல்ல காரியம் பண்ணேம்மா" என்றார்.

கூட்டம் கை தட்டியது. ஒரே நிமிஷத்தில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டார். ரேணுகாம்பாள் உள்ளே போவாள். சபை அடுத்த வருஷமும் பந்தல் போடும். வேறு ஓர் அத்தை வருவாள்.

அவள் ரேணுகாம்பாளின் அருகே போய் நின்றாள். மைக்கைப் பரசுராமன் அணைக்கவில்லை. அதைத் தர்மவதி மட்டும் பார்த்திருந்தாள்.

"என்னத் தெரியுதா? எழுபத்திநாலு. தர்மவதி. லாட்ஜு ரூம்ல இட்லி வாங்கிக் குடுத்தியே."

ரேணுகாம்பாள் வெறித்துப் பார்த்தாள்.

"நான் கோர்ட்டுல நின்னு ஒன்னக் காட்டுவேன். இந்தப் பதிவேட்டுல வருஷா வருஷம் வச்சியே கைநாட்டு, அதெல்லாம் ஒன் வெரல்தான். ஒனக்குப் பத்து வருஷம் நிச்சயம். இவரு ஒன்னப் பாத்ததே இல்லியாம். கேட்டுக்கினியா?"

ரேணுகாம்பாள் பரசுராமனைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வழிப்போக்கர் மாதிரி. அதுதான் அவருடைய தப்பு. ஒரு கண்ஜாடை காட்டியிருந்தால் போதும், அவள் வாயை மூடிக்கொண்டு ஜெயிலுக்குப் போயிருப்பாள்.

"பாத்ததே இல்லியா?" என்றாள் ரேணுகாம்பாள். குரல் நாலு வீதியிலும் எழுந்தது. "பன்னண்டு வருஷமா ஒங்க லாட்ஜு பதினொண்ணாம் நம்பர் ரூம்ல தங்கறேன், பாத்ததே இல்லியாண்ணே? இந்தாங்க ஏட்டையா." காசி கொடுத்து இடுப்பில் செருகியிருந்த சீட்டை உருவி நீட்டினாள். "பொண்ணு பேரு, ஊரு எல்லாம் எனக்குக் கனவுல வந்திச்சா? இது யாரு கையெழுத்துன்னு இந்தக் காசியக் கேளுங்க. லாரி யாருதுன்னு கேளுங்க. இன்னும் நாலு பேரு இருக்காங்க, பேரு வேணுமா?"

பரசுராமன் மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மலையுச்சியில் தீபம் எரிந்தது. லட்சம் தொண்டையிலிருந்து அரோகரா எழுந்தது. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினார்கள். கை கூப்பாமல் நின்றவர் ஏட்டு தசரதன் ஒருவர்தான். அவர் ஒரு கையால் காசியின் சட்டையைப் பிடித்திருந்தார், இன்னொரு கையில் சீட்டு.

"கூட்டிப் போறதுக்கு ஆளுங்க வரட்டும். அதுவரைக்கும் யாரும் எங்கியும் போகக்கூடாது. நீங்களும்தாங்க தலைவரே. ஊரே கேட்டுடுச்சு. நான் என்னா பண்றது?"

ஊரே கேட்டுவிட்டது என்பதுதான் விஷயம். அன்றிரவே இன்ஸ்பெக்டருக்கு யார் யாரோ போன் செய்தார்கள். ஆனால் ஸ்டேஷன் வாசலில் நைனார்களும் மாட்டுச் சந்தைக்காரர்களும் விடியும்வரை உட்கார்ந்திருந்ததால், போனில் சொன்னதை இன்ஸ்பெக்டரால் செய்ய முடியவில்லை.

அடுத்த மாதம் வேலூரிலிருந்து வந்த கைரேகை நிபுணர் பதிவேடுகளைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் முப்பத்தொரு இடத்தில் அதே கட்டை விரல். ஓரிடத்தில் அத்தை, ஓரிடத்தில் பெரியம்மா, ஓரிடத்தில் சித்தி. ஆறு பேரில் நாலு பேர் பிடிபட்டார்கள். பரசுராமன் பதினெட்டாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் மாற்றலானார். தர்மவதியின் அறைக் கதவில் இரண்டு முறை கல் விழுந்தது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அண்ணன் ஜம்புகுமார் சைக்கிளில் வந்து உட்கார்ந்தான்.

"சாட்சி சொன்னியே, போதும்மா. பேப்பர்ல பேரு வருது. எனக்குப் பொண்ணு பாக்கற எடத்துல கேக்கறாங்க."

"கேட்டா சொல்லுண்ணே. நடந்ததுதானே."

அவன் டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

முப்பத்தொரு பெயர்களையும் வழக்கை விசாரித்த டி.எஸ்.பி. அவள் முன்னால் படித்துக் காட்டினார். ஏழு பெயர்களுக்கு அவள் நிறுத்தச் சொன்னாள். அந்த ஏழு பேரும் பம்பாயில் அவளோடு இருந்தவர்கள். அந்தச் சோதனையில் விட்டுப்போன அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே பெயர்ப் பலகையோ கதவு எண்ணோ கிடையாது. சொல்லி அனுப்பினால் போலீஸ் ஒரு வாரம் அலையும், அதற்குள் தகவல் முன்னால் போய்விடும். ஆளே போய் விரலை நீட்டிக் காட்ட வேண்டும்.

"கட்டாயம் இல்லம்மா" என்றார் டி.எஸ்.பி. "மறுபடி அந்த இடத்துக்கு வரணும்னு உங்களை நாங்க சொல்ல முடியாது."

தர்மவதி இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். முதல் நாள் சமையல் வேலையே ஓடவில்லை, இரண்டு முறை சாம்பாரில் உப்பு ஜாஸ்தியாகிவிட்டது. இரண்டாம் நாள் காலை போய், வருகிறேன் என்றாள்.

காட்பாடியில் பம்பாய் ரயில் ஏறினார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு பெண் போலீஸ், ஏட்டு தசரதன், அவள். ஓய்வு பெறுகிற வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு ஏட்டு தானாகக் கேட்டு வந்திருந்தார். வண்டி அரக்கோணம் தாண்டியதும் பையிலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்தார்.

"எத்தினி மணிக்குப் போனா எல்லாரும் வீட்ல இருப்பாங்கம்மா?"

தர்மவதி ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"காலைல பதினொரு மணிக்குப் போவணும்" என்றாள். "அப்பதான் கீழ் வீட்டுக் கொழாயில தண்ணி விடுவான். கொடத்த எடுத்துக்கினு எல்லாரையும் கீழ எறக்கி விடுவாங்க. காவலுக்கு ஒரே ஒரு ஆளுதான் இருப்பான். பன்னண்டுக்குத் தண்ணி நின்னுடும்."

ஏட்டு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பதினொன்று என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.